எட்டாம் வரி

மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் அவர்களே, துணை இயக்குநர் அவர்களே, முதல் வரிசையில் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும், மறைந்த நம் சாரின் துணைவியார் அவர்களே! உங்களை அக்கா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன், இன்றைக்கும் அப்படியே கூப்பிட விடுங்கள். கிழக்கு மண்டல மருத்துவமனையிலிருந்து பாலம் தாண்டி வந்திருக்கும் தலைமைச் செவிலியர் அவர்களே, எங்கள் மூன்றாம் மாடி நண்பர்களே, கடைசி வரிசையில் ஒளிந்திருக்கும் செய்தியாளர் தம்பியே, எல்லோருக்கும் என் வணக்கம்.

நீங்கள் வந்து உட்காரும்போது நாற்காலியில் ஒரு தாள் இருந்திருக்கும். நிகழ்ச்சி நிரல் என்று நினைத்துச் சிலர் விசிறிக்கொண்டிருக்கிறீர்கள். இந்த அறையில் இரண்டு மின்விசிறியில் ஒன்று ஓடாது, அதனால் விசிறிக்கொள்ளுங்கள். ஆனால் கசக்கிப் போட்டுவிடாதீர்கள். நான் பேசி முடிப்பதற்குள் அது வேண்டியிருக்கும்.

எனக்கு முன்னால் ஐந்து பேர் பேசினார்கள். ஐந்து பேரும் அவரை அமைதியானவர் என்றார்கள். பொறுமைசாலி என்றார்கள். யாருக்கும் தொந்தரவு தராதவர் என்றார்கள். யாரைப் பற்றி ஐயா பேசினீர்கள்? நம் மூத்த புள்ளியியலாளரைப் பற்றியா? ஐந்து ஆண்டு அவருக்கு எதிர்மேசையில் உட்கார்ந்தவள் நான். அவரைப் போலத் தொந்தரவு தந்த மனிதரை நான் பார்த்ததில்லை! பென்சிலால் எழுதுவார், அழிப்பார், மறுபடி எழுதுவார். முடித்த அட்டவணையை முதலிலிருந்து கூட்டச் சொல்வார். சனிக்கிழமை பதிவாளர்கள் விடுப்பு, அதனால் ஞாயிறு எண்ணிக்கை குறையும், செவ்வாய் ஏறும், ஏழு நாள் சராசரி இல்லாமல் வாயைத் திறக்காதீர்கள் என்று வாராவாரம் சொன்னதையே சொல்வார். அழுவதற்காகத்தான் இந்த மேடைக்கு வந்தேன். வந்து நின்றால் எரிச்சலாக இருக்கிறது. அவர்மேல் எரிச்சல், நம் எல்லோர்மேலும் எரிச்சல், என்மேல் அதைவிட எரிச்சல்.

இந்த அலுவலகத்தில் அவருக்கு வேறொரு பெயர் உண்டு. அக்காவுக்குத் தெரியுமோ தெரியாது. ‘எத்தனை சார்.’ எந்த எண்ணைச் சொன்னாலும், “எத்தனை பேருக்கு?” என்பார். மத்திய மண்டலத்தில் முந்நூறு சாவு, வடக்கில் நூறு சாவு, வடக்கு பரவாயில்லை என்று யாராவது சொல்லிவிட்டால் போதும்! “எத்தனை பேருக்கு முந்நூறு? எத்தனை பேருக்கு நூறு? அங்க கிழவங்க எத்தனை, இங்க கிழவங்க எத்தனை?” லட்சம் பேருக்கு எத்தனை என்று வகுத்து முடிக்கும்வரை நம்மை எழுந்திருக்க விடமாட்டார். என் மகளுக்கு நாலு பல் முளைத்துவிட்டது என்று ஆசையாகச் சொன்னேன். “எத்தனைல?” என்று கேட்டார். இருபதில் என்றேன். “அப்போ இருபது சதவீதம். நல்ல முன்னேற்றம்மா” என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டார். வாழ்த்தா அது?

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். பெருந்தொற்று நாட்களில் அந்தக் கேள்வியை அவர் ஒருவர்தான் கேட்டார்.

நினைத்துப் பாருங்கள். தினமும் மாலை நாலு மணிக்கு இங்கிருந்து தொலைக்காட்சிக்கு வரைபடம் போகும். ஐந்து மண்டலம், மூன்று நிறம். சிவப்பு, மஞ்சள், பச்சை. பந்தயக் குதிரை பார்ப்பதுபோல் எல்லோரும் பார்த்தார்கள். தெற்கு மண்டல அதிகாரி ஒருவர் தொலைபேசியில் பெருமையடித்தார்: “எங்க பக்கம் தொற்று பாதியா கொறைஞ்சிடுச்சு சார், வரைபடத்துல பச்சையாக்குங்க.”

“பரிசோதனை எத்தனை பண்ணீங்க?”

“அது... அதுவும் பாதிதான் சார்.”

“அப்போ தொற்று கொறையல. மூக்குல விடற குச்சிதான் கொறைஞ்சிருக்கு.” வைத்துவிட்டார்.

மேற்கு மண்டலத்தில் இரண்டு வாரம் இறப்பு எண்ணிக்கையே வரவில்லை. கட்டம் வெறுமையாக இருந்தது. தொலைக்காட்சியில் பூஜ்ஜியம் என்று போட்டுவிட்டார்கள். போட்டவர் இதோ கடைசி வரிசையில் இருக்கிறார். தம்பி, அன்று நீங்கள் கூப்பிட்டு என்ன கேட்டீர்கள்? “மேற்குல யாருமே சாகலையா சார்? என்ன ரகசியம்?” என்றுதானே? அவர் என்ன சொன்னார்? “எழுதறவர் காய்ச்சல்ல படுத்திருக்காரு தம்பி. சாகறவங்க நிக்கல.” வெற்றுக் கட்டம் வேறு, பூஜ்ஜியம் வேறு. இதைச் சொல்லிச் சொல்லியே அந்த மனிதருக்குத் தொண்டை கட்டியது. எத்தனை பேர் கேட்டோம்?

நான் கேட்கவில்லை. அதைச் சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

மருத்துவமனை அனுப்பும் இறப்புப் படிவத்தில் ஏழாம் வரி ‘இறந்த இடம்’. எட்டாம் வரி ‘வழக்கமாக வசித்த இடம்’. இரண்டும் இரண்டு வேலை செய்யும் வரிகள். மண்டலங்களை ஒப்பிட எட்டாம் வரிதான் வேண்டும். ஆனால் மத்திய பெரிய மருத்துவமனையில் அன்றைக்கு இருந்த நெரிசலில் யார் எட்டாம் வரியை நிரப்பினார்கள்? படிவம் படிவமாக வெறுமையாக வந்தது. எட்டாம் வரி காலியாக இருந்தால் கணினி படிவத்தைச் சேமிக்க விடாது, சிவப்பாகக் காட்டும். பதிவு செய்யும் பெண்கள் கத்தினார்கள். ஒரு நாளில் முந்நூறு படிவம் தேங்கியது.

அப்போது நான் பிரசவ விடுப்பு முடிந்து திரும்பிய முதல் மாதம். மகளுக்கு ஐந்து மாதம். ஐந்தரை மணி பேருந்தைப் பிடித்தாக வேண்டும், அவள் வீட்டில் பசியோடு கத்திக்கொண்டிருப்பாள். நான் கணினி நிரலில் ஒரே ஒரு விதி எழுதினேன். எட்டாம் வரி காலியாக இருந்தால் ஏழாம் வரியை எடுத்து அங்கே போட்டுக்கொள். அவ்வளவுதான்! தேங்கியிருந்த முந்நூறு படிவமும் பத்து நிமிடத்தில் ஓடிவிட்டன. கை தட்டினார்கள். துணை இயக்குநர் அவர்களே, நீங்கள் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தீர்கள்.

அன்றிலிருந்து, கிழக்கிலிருந்து பாலம் தாண்டி மத்திய மருத்துவமனைக்குப் போய்ச் செத்த ஒவ்வொருவரும் மத்திய மண்டலத்துக்காரர் ஆகிப்போனார்கள். கிழக்கு மண்டலம் பச்சையாகிக்கொண்டே வந்தது. பச்சை என்பதால் கடைகள் திறந்தன. பச்சை என்பதால் குழந்தைகள் காப்பகம் திறந்தது. பச்சை என்பதால், வரைபடம் சொல்கிறதே என்று நம்பி, கிழக்கில் குடியிருக்கும் நான் என் பதினொரு மாதக் குழந்தையைக் காப்பகத்தில் விட்டேன். என் வரைபடத்தை நானே நம்பினேன்! இதைவிட மடத்தனம் உண்டா?

மூன்றாம் வாரம் அவளுக்குக் காய்ச்சல். மூச்சு விடும்போது விலா எலும்பு உள்ளே இழுத்தது. கிழக்கு மருத்துவமனையில் குழந்தைக்கு ஆக்ஸிஜன் கட்டில் இல்லை. ஆம்புலன்ஸில் ஒன்றேகால் மணி நேரம். பாலத்தில் ஏறும்போது அவளுடைய மூச்சை எண்ண ஆரம்பித்தேன், இன்னும் நிறுத்தவில்லை. இப்போதும் அவள் தூங்கும்போது எண்ணுகிறேன். பிழைத்துவிட்டாள். நாலு வயது முடிந்துவிட்டது. பல் இருபதும் வந்துவிட்டது சார், நூறு சதவீதம்.

பத்து நாள் கழித்து வேலைக்கு வந்தேன். அவரும் கிழக்குதான், ஒரே அலுவலகப் பேருந்து. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கேட்டார்.

“எந்த ஆஸ்பத்திரிம்மா?”

“மத்திய ஆஸ்பத்திரிதான் சார். நம்ம பக்கம் கட்டில் இல்லைன்னுட்டாங்க.”

“வேற யாராவது நம்ம பக்கத்து ஆளுங்க இருந்தாங்களா வார்டுல?”

“பாதிப் பேர் நம்ம பக்கம்தான் சார்.”

பேருந்து பாலத்தில் ஏறியது. அவர் கையிலிருந்த பென்சிலைக் காதில் செருகினார். “பொழைச்சா திரும்பி இந்தப் பக்கம் வந்துடுவாங்க” என்றார். “பொழைக்கலைன்னா?”

அன்று முழுக்கப் படிவங்களையும் நிரலையும் புரட்டிக்கொண்டிருந்தார். மாலையில் ஒரு தாளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். நான் எழுதிய விதி, அச்செடுத்து, கீழே கோடு போட்டு.

“இதை யாரும்மா எழுதினது?”

“நான்தான் சார்.”

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்க வேண்டும்! “சரி. யார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியாதீங்க. குழந்தைக்கு ஒடம்பு சரியாகட்டும். நான் பாத்துக்கறேன்” என்றார். இந்த ‘நான் பாத்துக்கறேன்’ இருக்கிறதே, அவரிடம் எனக்குப் பிடிக்காத வார்த்தை அதுதான். கோப்பில் ‘நிரல் பிழை’ என்று எழுதினார். யாருடைய பிழை என்று எழுதவில்லை. நிரல் தன்னைத் தானே எழுதிக்கொள்ளுமா அவையோரே? நான் எழுதினேன். இந்த அறையில் இன்றைக்குத்தான் முதன்முறை சொல்கிறேன். நான் எழுதினேன்.

விதியை நீக்க அனுமதி கேட்டார். திடீரென்று மாற்றினால் முந்தைய மாதத்தோடு ஒப்பிட முடியாது, குழு கூடட்டும் என்றார்கள். குழு கூடியது, டீ குடித்தது, கலைந்தது. ஏழு முறை கடிதம் எழுதினார். ஏழு கடிதத்தின் நகலும் என்னிடம் இருக்கிறது.

அதற்குள் அவர் என்ன செய்தார்? எட்டாம் வரி காலியாக வந்த படிவங்களைத் தோண்டி எடுத்தார். இரண்டாயிரத்து இருநூற்று நாற்பது. ஒவ்வொரு வீட்டுக்கும் தொலைபேசி செய்யப் போகிறேன் என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். “குறுஞ்செய்தி அனுப்பிடலாம் சார், ஒரே நாள்ல முடிஞ்சிடும்” என்றேன்.

“செத்துப்போன அப்பா பேரைப் போட்டு அரசாங்கத்துலேர்ந்து குறுஞ்செய்தி வந்தா, வீட்ல எப்படிம்மா இருக்கும்?”

ஒரு நாளைக்கு எட்டு அழைப்பு. அதற்குமேல் அவரால் முடியாது, ஏனென்றால் எடுத்தவர்கள் வைக்கமாட்டார்கள். டயர் கடைக்காரர் ஒருவர் தன் தம்பி எப்படி ஒரே தட்டில் சக்கரத்தைக் கழற்றுவான் என்று நாற்பது நிமிடம் சொன்னார். முழுதும் கேட்டார் சார். ஒரு அம்மாள் கத்தியது என் மேசைவரை கேட்டது: “செத்த அன்னைக்கு ஆயிரம் தடவை கூப்பிட்டேன், ஒரு பய எடுக்கல. இப்போ விலாசம் கேக்க வந்துட்டீங்களா? வெக்கமா இல்ல?”

“இருக்கும்மா” என்றார். “திட்டுங்க, எங்க தப்புதான். திட்டி முடிச்சதும் ஊரை மட்டும் சொல்லுங்க.”

அந்தத் திட்டெல்லாம் யாருக்கு வந்திருக்க வேண்டியது? எனக்கு. ஓராண்டுக்கு மேல், என் காது கேட்க, என் திட்டை அவர் வாங்கிக்கொண்டிருந்தார். நான் எதிரே உட்கார்ந்து மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன்.

இப்போது உங்கள் கையிலிருக்கும் தாளைப் பாருங்கள். விசிறுவதை நிறுத்திவிட்டுப் பாருங்கள். அது அவர் பென்சிலால் போட்ட அட்டவணை. இடப்பக்கம் நாம் நாட்டுக்குச் சொன்னது. கிழக்கு மண்டலம், நானூற்றுப் பன்னிரண்டு இறப்பு. மக்கள் எட்டு லட்சம். லட்சம் பேருக்கு ஐம்பத்திரண்டு, நாட்டிலேயே குறைவு. மத்திய மண்டலம் லட்சத்துக்கு இருநூற்று முப்பது, நாட்டிலேயே அதிகம். வலப்பக்கம், வீட்டார் வாயால் சொன்ன பிறகு வந்தது. பாலத்துக்கு இந்தப் பக்கம் வந்து செத்த கிழக்கு மண்டலத்துக்காரர்கள் மட்டும் ஆயிரத்து முந்நூற்று ஆறு பேர். அவர்களை அவரவர் ஊருக்குத் திருப்பி அனுப்பினால் கிழக்கு, லட்சம் பேருக்கு இருநூற்றுப் பதினைந்து. மத்தியம் நூற்று எழுபத்தொன்பது. கடைசியில் இருந்தது முதலிடத்துக்கு வந்துவிட்டது!

இதைக் கொண்டுபோய்க் காட்டிய அன்று நானும் கூட நின்றேன். இயக்குநர் அவர்களே, கோபித்துக்கொள்ளாதீர்கள். கோபித்துக்கொண்டாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். நீங்கள் கேட்டீர்கள்: “இப்போ போய் வரிசையை மாத்தினா, இத்தனை வருஷம் நாம சொன்னதெல்லாம் பொய்னு ஆயிடாதா?”

அவர் சொன்னார்: “பொய் இல்ல சார், தப்பு. தெரிஞ்ச பிறகும் அச்சடிச்சாதான் பொய்.”

“இன்னும் நாப்பத்து மூணு படிவம் பாக்கி இருக்குல்ல? முழுசா முடிச்சுட்டு வாங்க” என்றீர்கள். அந்த மனிதரும் சரி என்று வந்துவிட்டார்! முடிக்காமல் எதையும் தரக் கூடாது என்பது அவர் பிடிவாதம், அதைப் பிடித்தே நீங்கள் அவரைத் திருப்பி அனுப்பினீர்கள். எத்தனை சார், ஏன் நீங்கள் சண்டை போடவில்லை? மேசையைத் தட்டியிருக்கக் கூடாதா? நாற்பத்து மூன்றும் கிழக்கே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் வரிசை மாறாதே! அது உங்களுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் திரும்பி வந்து தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டீர்கள்.

வரும் திங்கட்கிழமை பெருந்தொற்று ஆய்வறிக்கை வெளிவருகிறது. அறுபத்தொன்றாம் பக்கத்தில் கிழக்கு, ‘குறைந்த இறப்பு மண்டலம்’. அதனால் அங்கே பெருந்தொற்று முடியும் சமயத்தில் கட்டிய பன்னிரண்டு கட்டில் தீவிர சிகிச்சைப் பிரிவு தேவையில்லையாம். கருவிகளை மத்திய மருத்துவமனைக்குக் கொண்டுபோகப் பரிந்துரை. பரிந்துரை அச்சாகும் முன்னாலேயே பிரிவைப் பூட்டிவிட்டார்கள்.

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மதியம். சாருக்கு நெஞ்சு வலித்தது. அக்கா ஆட்டோ வைத்து கிழக்கு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். இதோ மூன்றாம் வரிசையில் இருக்கும் தலைமைச் செவிலியர்தான் அன்று பணியில். அவர் என்னிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: “சாவி என் பையிலதாம்மா இருந்தது. கருவியெல்லாம் பெட்டியில கட்டி வச்சாச்சு. பிரிக்க உத்தரவு இல்ல, பிரிச்சாலும் ஓட்ட டாக்டர் இல்ல.” ஆம்புலன்ஸ். பாலம். ஒன்றேகால் மணி நேரம். மத்திய மருத்துவமனை வாசலில் இறக்கியபோது மூச்சு இருந்தது. உள்ளே கொண்டுபோனபோது இல்லை.

அந்தப் பிரிவு திறந்திருந்தால் பிழைத்திருப்பாரா? பிழைத்திருப்பார் என்று கத்த எனக்கு ஆசை. ஆனால் அவர் விடமாட்டார். “ஒரு ஆளை வச்சுப் போக்கு சொல்லாதீங்கம்மா” என்பார். சரி சார், சொல்லவில்லை. உங்களை வைத்துச் சொல்லவில்லை. ஆயிரத்து முந்நூற்று ஆறு பேரை வைத்துச் சொல்கிறேன்.

போன புதன்கிழமை அவருடைய படிவம் எங்கள் மாடிக்கு வந்தது. என் திரையில்தான் வந்தது. ஏழாம் வரி, இறந்த இடம்: மத்திய மண்டலம். எட்டாம் வரியைக் காலியாக அனுப்பியிருக்கிறார்கள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என்னுடைய விதி ஓடியது. வழக்கமாக வசித்த இடம்: மத்திய மண்டலம். முப்பத்தொரு ஆண்டு கிழக்கில் குடியிருந்த மனிதரை, இதைத் திருத்தியே தேய்ந்துபோன மனிதரை, ஒரு நொடியில் பாலத்துக்கு இந்தப் பக்கம் தூக்கிப் போட்டுவிட்டது. என் கை எழுதிய விதி!

எழுந்து அவர் மேசைக்குப் போனேன். அவருடைய தொலைபேசியிலிருந்தே அக்காவைக் கூப்பிட்டேன். அவர் எல்லோரிடமும் தொடங்கும் அதே வாக்கியத்தில் தொடங்கினேன்.

“மன்னிச்சுக்கங்க, ஒரே ஒரு கேள்வி. அவர் வழக்கமா எங்க குடியிருந்தாரு?”

“ஏம்மா, நீதானா? உனக்குத் தெரியாதா? தினமும் ஒரே பஸ்லதானே போனீங்க?”

“தெரியும்க்கா. வீட்டு ஆளுங்க சொன்னாதான் எழுதணும். அவர் வச்ச சட்டம்.”

பிறகு அக்கா சொன்னார்: “கிழக்குதாம்மா. தண்ணித்தொட்டித் தெரு. திரும்பி வர்றதாத்தான் கிளம்பினாரு. மறுநாள் ஆபீசுக்குப் போட சட்டையைத் தேய்ச்சு மாட்டி வச்சிட்டுத்தான் ஆட்டோல ஏறினாரு.”

எட்டாம் வரியில் கிழக்கு என்று எழுதினேன். பிறகு அந்த விதியை நீக்கினேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. இயக்குநர் அவர்களே, எட்டாவது கடிதம் எழுத எனக்குப் பொறுமை இல்லை. என் வேலைக்கு என்ன ஆகும் என்று தெரியாது. வீட்டில் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். “போனா போகட்டும், பேசு. ஆனா இன்னைக்குப் பாப்பாவை யாரு கூப்பிட்டு வர்றது?” என்றார் என் கணவர். அதனால் சீக்கிரம் முடிக்கிறேன்.

செய்தியாளர் தம்பி, உங்கள் நாற்காலியிலும் தாள் இருக்கிறது. போடுங்கள். போடும்போது எத்தனை பேருக்கு என்று பார்த்துப் போடுங்கள். பிழை யாருடையது என்று கேட்டால் என் பெயரைப் போடுங்கள், ‘நிரல் பிழை’ என்று போடாதீர்கள். இயக்குநர் அவர்களே, திங்கட்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது. ஒரு பக்கத்தை மாற்ற நாலு நாள் போதாதா? அந்தப் பூட்டைத் திறக்க ஒரு கையெழுத்துப் போதாதா? செவிலியர் அவர்கள் சாவியை இன்றும் பையில்தான் வைத்திருக்கிறார். கேட்டுப் பாருங்கள்.

எத்தனை சார் அவர்களே, உங்களுக்கு மௌன அஞ்சலி செலுத்தச் சொல்லியிருக்கிறார்கள். மற்றவர்கள் செலுத்தட்டும். என்னால் மௌனமாக இருக்க முடியாது, இருந்தது போதும். நாற்பத்து மூன்று படிவம் பாக்கி. அதை உங்கள் மேசையிலிருந்து என் மேசைக்கு மாற்றிவிட்டேன். உங்கள் பென்சிலையும் எடுத்துக்கொண்டேன். நாளைக் காலை ஒன்பதரைக்கு முதல் அழைப்பு. எடுப்பவர்கள் திட்டுவார்கள். இந்த முறை சரியான ஆளைத்தான் திட்டுவார்கள். கேட்டுக்கொள்வேன். திட்டி முடித்ததும் ஊரை மட்டும் கேட்பேன்.